திரைக்குப் பின்னால் வந்த பதில்

1986ஆம் ஆண்டு, கோடை முடிகிற நேரம். டென்மார்க்கில், பிரெடெரிசியாவுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான், என் கணவர், கணவரின் அண்ணன் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். கணவரின் அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட விண்ணப்பித்துவிட்டு, மனிதர் நாளாந்தம் தபால்காரனுக்குக் காவல் இருந்த காலம் அது.

ஒரு நாள் காலையில் அவர் குடித்த தேத்தண்ணி வாயோரத்தால் வழிந்து சட்டையை நனைத்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "என்ன அத்தான், பால்குடிப் பிள்ளை மாதிரி?" என்று பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கப் பார்த்தார். பாதி முகம்தான் சிரித்தது. மற்றப் பாதி அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது, அந்தப் பக்கத்துக் கண்ணும் மூடவில்லை.

அதற்கு முன்பும் சில நாட்களாக முதுகு வலியில் நித்திரை இல்லாமல் கிடந்தார். தொழிற்சாலையில் பெட்டி தூக்கியதால் வந்த வலி என்று விட்டுவிட்டோம். அன்று கணவர் வேலைக்குப் போய்விட்டார். டெனிஷ் மொழியை உடைத்து உடைத்தாவது கதைக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் ஒரு இளைஞர். நெற்றியைச் சுருக்கச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார். ஒரு பக்கம் ஒன்றுமே அசையவில்லை. நெற்றியும் அசையாததால் பாரிசவாதம், அதுதான் பக்கவாதம், மாதிரித் தெரியவில்லை என்றார். தலைக்குள் கட்டி ஏதும் இருக்கலாம், அல்லது நரம்பில் கிருமி ஏறியிருக்கலாம். கிருமி என்றால் மருந்து இருக்கிறது, ஆனால் பிந்தினால் முகம் இப்படியே நின்றுவிடக்கூடும். முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அத்தான் எழும்பிச் சட்டையைத் தேடினார்.

"முதுகிலை குத்தினால் இடுப்புக்குக் கீழை விளங்காமல் போகும். நான் வீட்டை போறன். கோணின முகமும் இழுத்த காலுமா பெண்சாதிக்கு முன்னாலை போய் நிக்கிறதோ?"

டாக்டர் அவரைத் திரும்பவும் கட்டிலில் இருத்திவிட்டு, ஒரு தாளில் கால்கள் முளைத்த பொட்டு ஒன்றைக் கீறிக் காட்டினார். இது கடித்ததா, உடம்பில் எங்காவது வட்டமாகத் தடிப்பு வந்ததா என்று கேட்டார். பார்த்தால், அட, நம்முடைய உண்ணி! மாட்டிலும் நாயிலும் ஏறுகிற உண்ணி மனிதரின் முகத்தைக் கோணலாக்குமா? இந்த டாக்டருக்கென்ன விசரா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனாலும் அத்தானிடம் கேட்டேன்.

"ஒண்டும் கடிக்கேல்லை. இல்லையெண்டு சொல்லு பிள்ளை."

சொன்ன வேகம் சரியில்லை. கண் சுவரைப் பார்த்தது, கை போர்வையை இழுத்துத் தொடையை மூடியது. சட்டென்று எனக்கு நினைவு வந்தது. சில வாரங்களுக்கு முன்பு படர்தாமரைக்குப் பூச என்று என் கணவரிடம் களிம்பு வாங்கியிருந்தார். வீட்டுத் தோட்டத்து அவரைக் கொடிக்குத் தடி வெட்ட, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டோரப் புல்லுக்குள் இறங்குகிற மனிதர் வேறு. கடிபட்ட இடம் எது என்று எனக்கு விளங்கிவிட்டது. தம்பியின் மனைவியிடம் அதை எந்த வாயால் சொல்லுவார்?

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. உயிர் போகிற நேரத்தில் என்ன வெட்கம்! ஆனால் கத்தினால் மனிதர் இன்னும் இறுகிவிடுவார். டாக்டரைப் பார்த்து, என்னிடமிருந்த அரைகுறை டெனிஷில் சொன்னேன்: "எனக்கு முன்னால் இவர் சொல்ல மாட்டார். நான் திரைக்கு வெளியே போகிறேன். நீங்கள் முழு உடம்பையும் பாருங்கள்."

கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்துவிட்டு, மறுபக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மெதுவாக, "பிள்ளை, நிக்கிறியோ?" என்று குரல் வந்தது.

"ஓம் அத்தான், சொல்லுங்கோ."

"ஒரு உண்ணி இருந்தது. நெருப்புக்குச்சியாலை சுட்டு எடுத்தனான். எங்கையெண்டு மட்டும் கேட்டுப்போடாதை."

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அவர் உள்ளே இருந்து சொல்லச் சொல்ல, நான் வெளியே நின்று டெனிஷில் சொன்னேன். தொடையின் மேல்பக்கம் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம் இருந்ததாம். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது, எங்கள் தோலில் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. படர்தாமரை என்று நினைத்ததில் அவரைக் குறை சொல்ல முடியாது. டாக்டரின் குரலே மாறிவிட்டது. வந்த வழி தெரிந்துவிட்டது, நீரைப் பார்த்து உறுதி செய்தால் இன்றைக்கே மருந்து தொடங்கலாம் என்றார். இந்த ஊசியால் கால் விளங்காமல் போகாது என்று அவர் சொன்னதை நான் எடுத்துச் சொன்ன பிறகு, அத்தான் முதுகைக் கொடுத்தார். "முருகா, முருகா" என்று அவர் முனகியது எனக்கும் கேட்டது. கிருமிதான், முதுகு வலிக்கும் அதுதான் காரணமாம். அன்று மாலையே நாளம் வழியாகப் பென்சிலின் ஏற்றத் தொடங்கினார்கள்.

தாதி ஒருவர்தான் பிறகு எனக்கு விளக்கினார். மான் திரிகிற இடத்துப் புல் நுனியில் இந்த உண்ணி முன்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்குமாம். பாயாது, பறக்காது. உரசிப் போகிறவரைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தோல் தேடி மேலே ஏறும். சின்ன உண்ணி எள்ளைவிடச் சிறிது, கடித்தால் வலிக்கவும் வலிக்காது. நெருப்பால் சுடவோ எண்ணெய் பூசவோ கூடாது, வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடும். தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும், அதுவும் எவ்வளவு கெதியாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அதன்பிறகு எங்கள் வீட்டில் காட்டுப்பக்கம் போகிறவர்களுக்கு நீளக் காற்சட்டையும், அதன் நுனியை உள்ளே விட்ட காலுறையும்தான். திரும்பி வந்ததும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உடம்பு முழுவதும் தேட வேண்டும் என்பது என் சட்டம்.

அத்தானின் முகம் நேராகச் சில மாதங்கள் எடுத்தது. அடுத்த வருடம் விமான நிலையத்தில் மனைவி பிள்ளைகளைக் கண்டபோது, அவர் முழு முகத்தாலும் சிரித்தார், முழு முகத்தாலும் அழுதார். அன்று அந்தக் கட்டிலருகிலேயே நான் பிடிவாதமாக நின்றிருந்தால், எனக்கு முன்னால் வெட்கப்பட்டே ஒரு மனிதர் தன் முகத்தைப் பறிகொடுத்திருப்பார்.