உள்ளே மடித்த கரை

பயந்தால் சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு மூளை சுறுசுறுப்பாகிவிடும். அதுதான் ஆபத்து. வயிறு கலங்கினால் ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன், யாருக்கும் கெடுதல் இல்லை. மூளை கிளம்பிவிட்டால் ஏதாவது ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிடுவேன்.

குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்கு நான் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவிக்கொத்து, தண்ணீர் மோட்டார், குரங்கு விரட்டுவது எல்லாம் சேர்த்துத்தான். வீடு மேலகரத்தில். சீசன் நேரத்தில் சட்டை மாற்றத்தான் வீட்டுக்குப் போவேன்.

ஆண்டுதோறும் சாரல் பிடித்ததும் ஒரு பெரிய அரசியல்வாதி எங்கள் பங்களாவுக்கு வருவார். பெயரைச் சொல்லமாட்டேன், நான் இன்னும் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன். அவருடைய மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் நேரில் பேசுவதில்லை. மகன் சென்னையில் மைக் முன்னால் ஒரு கேள்வி கேட்பார். அப்பா மதுரை விமான நிலையத்தில் இறங்கி அதற்குப் பதில் சொல்வார். அவர்கள் குடும்பப் பேச்சு முழுவதையும் நாங்கள் டீக்கடை டிவியில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

போன சீசனில் இதற்கு மேல் ஒரு வதந்தி. பெரியவரும் மகன் பின்னாலேயே அந்தக் கட்சிக்குப் போகப்போகிறாராம். அவர் தினமும் மறுத்தார். மறுக்க மறுக்க வதந்தி கொழுத்தது. அடுத்த வாரம் அவர் கட்சியின் பொதுக்குழு. அவரை வைத்துக்கொள்வதா, வெளியே அனுப்புவதா என்பது அங்கே முடிவாகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பெரியவர் மத்தியானம் தொண்டர்களோடு வந்து முன்கட்டில் படுத்துத் தூங்கினார். பின்கட்டை யாரோ ஒருவர் போனில் பதிவு செய்திருந்தார், நான்கு பேர் கொண்ட குடும்பம் என்று. சாயங்காலம் கார் வந்தது. கதவைத் திறந்து இறங்கியது மகன். கூட மனைவி, இரண்டு பிள்ளைகள்.

“நல்லாருக்கீங்களா அண்ணாச்சி?” என்றார் சிரித்துக்கொண்டே. அப்பாவோடு அரைக்கால் டவுசரில் அருவிக்கு வந்த காலத்திலிருந்தே என்னைத் தெரியும்.

நான் நல்லா இல்லை. மகன் வந்திருப்பதை அப்பாவிடம் சொன்னால் பெரியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார், முதலாளி என்னைத் தூக்குவார். அப்பா இருப்பதை மகனிடம் சொன்னாலும் அதே கதைதான். மூளை கிளம்பிவிட்டது. முன்கட்டுக்கு முன்வாசல், பின்கட்டுக்குப் பின்வாசல். ஒருநாள்தானே, ஓட்டிவிடலாம்.

ஆனால் துணிக்கு இரண்டு வாசல் கிடையாது. சாரல் காலத்தில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் விடாது. அதனால் பங்களாவில் தங்குகிறவர்கள் துணியையெல்லாம் ஒரே கூடையில் போட்டு, ஸ்கூட்டரில் மேலகரத்துக்குக் கொண்டுபோய், இஸ்திரி போடுகிற அண்ணாச்சியிடம் சூட்டிலேயே காயவைத்து வாங்கி வருவது என் வழக்கம். அன்றைக்குக் கூடையில், மறுநாள் உடுத்துவதற்காகப் போட்ட அப்பாவின் கட்சிக் கரை வேட்டியும் மகனின் கட்சிக் கரை வேட்டியும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. அப்பாவுடையது பட்டையான ஒற்றைக் கரை, மகனுடையது மெல்லிசாய் இரட்டைக் கரை. முன்கட்டுத் தொண்டர் யாராவது கூடையை எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? எனக்கு ஒரு யோசனை வந்தது.

“அண்ணாச்சி, கரை வெளிய தெரியாம உள்ள வச்சு மடிச்சிருங்க.”

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கரை வேட்டில கரை தெரியக்கூடாதுன்னா, எதுக்குடே கரை?”

“காரணமாத்தான் சொல்லுதேன்.”

“நீ காரணத்தோட செய்யும்போதுதாம்லே எனக்குப் பயமா இருக்கு” என்றார். ஆனாலும் மடித்துக் கொடுத்தார். வெள்ளைவெளேரென்று இரண்டு வேட்டி, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. வலது பக்கம் அப்பா, இடது பக்கம் மகன் என்று கூடையில் வைத்து மனப்பாடம் செய்துகொண்டே ஸ்கூட்டரை ஓட்டினேன். பங்களா வாசலில் சாரல் வலுத்தது. துணி நனையாமலிருக்கக் கூடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். திருப்பினால் வலது இடதாகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

விடிந்ததும் மகன் பின்வாசல் வழியாக ஆலங்குளத்துக்குப் போனார். அங்கே கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்தான் தலைமை. வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு, பேண்ட்டோடு காரில் ஏறினார். பாதிக் கண்டம் தாண்டியது என்று நான் காபி குடித்தேன்.

மீதிக் கண்டம் ஐந்தருவியில் இருந்தது. பெரியவர் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, உடுத்தி வந்த வேட்டியோடு அருவியில் நின்றார். தொண்டர்களும் போன்காரர்களும் மேலே கார் நிற்கும் இடத்தில் காத்திருந்தார்கள். பக்கத்தில் நான் மட்டும், மாற்றுத்துணிப் பையோடு. எண்ணெயும் தண்ணீரும் ஊறிய வேட்டி கண்ணாடித் தாளாகியிருந்தது. அதை அவிழ்த்து எறிந்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு கை நீட்டினார். நான் கொடுத்த வேட்டியை உதறி விரித்தார்.

இரட்டைக் கரை.

“என்னவே இது?”

“வேட்டிங்கய்யா.”

“அது தெரியுது. யாரு வேட்டி?”

சொல்லிவிட்டேன். பின்கட்டு, கூடை, இஸ்திரி, சாரல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். அருவிச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது என்ற நம்பிக்கையில் இன்னும் வேகமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டிருக்கிறது.

“பிள்ளைகளும் வந்திருக்கா?” என்றார்.

“ரெண்டும் வந்திருக்குங்கய்யா.”

தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “இந்த வாரம் நான் வருவேன்னு அவனுக்குத் தெரியும்லா” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அந்த வேட்டியோடு மேலே ஏறினால் பத்து போன் படம் பிடிக்கும். பொதுக்குழு வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம். “மேல இருக்க ஒருத்தர்ட்ட வேட்டிய வாங்கிட்டு வரட்டுமாங்கய்யா?” என்றேன்.

“எதுக்குன்னு கேப்பான்லா. நீரு ஒண்ணு சொல்லுவேரு, அவன் ஒம்பதாச் சொல்லுவான்” என்றவர் சட்டென்று திரும்பினார். “ஏய்யா, அப்போ என் வேட்டி அவன்ட்டயா இருக்கு?”

“ஆமாங்கய்யா.”

“அவன் குனிஞ்சு பாக்க மாட்டான்வே. சட்டைய உள்பக்கமாப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போன பய. என் கரையோட மேடை ஏறிட்டாம்னா அவன் கட்சில சட்டினி ஆக்கிருவானுவ. போனப் போடும் மொதல்ல!”

அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட என் கையில் போன் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை மகன் எடுத்தார். ஆலங்குளத்தை நெருங்கிவிட்டார்களாம். பையைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். பிரிக்கும் சத்தம் கேட்டது.

“தம்பி?”

“இது அப்பாவோடதுலா... அங்க அவுங்க என்ன உடுத்திருக்காங்க?”

“துண்டுதான், இப்போதைக்கு.”

“அருவியிலயா? அண்ணாச்சி, தலைய நல்லாத் தொவட்டச் சொல்லுங்க. ரெண்டு நாள்ல இழுப்பு வந்துரும். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க.”

போனை வைத்தேன். இரண்டடி தூரத்தில் பெரியவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்லுதான்?”

“பாத்துட்டாராம். உடுத்தலையாம்.”

“வேற?”

சொல்லிராதீங்க என்றிருக்கிறாரே. மூளை கிளம்பியது. “வேற எதுவும் சொல்லலீங்கய்யா. எங்க வீட்டுக்காரிதான் ஐயாவத் தலையத் தொவட்டச் சொன்னா. இழுப்பு வந்துருமாம்.”

“எனக்கு இழுப்பு இருக்கது உம்ம வீட்டுக்காரிக்கு எப்படிவே தெரியும்?”

நான் மாற்றுத்துணிப் பையைக் கிளற ஆரம்பித்தேன். பெரியவர் இடுப்பில் இருந்தது ஒரே துண்டு. அதனால் என் தோளில் கிடந்த துண்டை உருவித் துவட்ட ஆரம்பித்தார். காது, பிடரி எல்லாம் துவட்டினார். முடி அவ்வளவு கிடையாது, ஆனாலும் நெடுநேரம் துவட்டினார்.

பிறகு என் குளியலுக்காக நான் கொண்டுவந்திருந்த சாரத்தை, அதாவது லுங்கியை, எடுத்துக் கட்டிக்கொண்டார். நீலக் கட்டம் போட்டது, பின்பக்கம் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை மறைத்தபடி அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டே நானும் படியேறினேன். மேலே போன்கள் மின்னின. அரைமணி நேரத்தில் அந்தப் படம் எல்லா இடத்துக்கும் போய்விட்டது, ‘எளிமையின் இமயம்’ என்ற தலைப்போடு. வதந்தியை மறந்துவிட்டு ஊரே அவர் எளிமையைப் பேசியது. இமயத்தின் பின்னால் பாதித் தலையாக நான்.

பத்து மணிக்குப் பங்களாவில் அவருக்குக் கஷாயம் கொடுக்கப் போனேன். யாரோ ஆலங்குளம் கல்யாணத்தைப் போனில் நேரலையாக விட்டிருந்தார்கள். மகன் மைக் முன்னால் நின்று அப்பாவின் கட்சியை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். நடுநடுவே அப்பாவையும்தான். உடுத்தியிருந்தது கரையே இல்லாத புது வேட்டி, போகிற வழியில் எங்கேயோ வாங்கியது. பெரியவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“ஸ்டிக்கரக் கூடக் கிழிக்காம ஏறிட்டான் பாரும்” என்றார்.

மத்தியானம் அவர் ஊருக்குக் கிளம்பினார். போகிற வழியில் மகன் பேச்சுக்குக் காட்டமாகப் பதில் அறிக்கை விட்டார். பொதுக்குழுவில் அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. என் வேலையும் போகவில்லை.

இரண்டு வேட்டியும் என்னிடம்தான் இருக்கின்றன. மகன் காலி செய்யும்போது ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார், மற்றது அருவிக்குக் கொண்டுபோன பையிலேயே தங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் போன் செய்து அனுப்பி வைக்கவா என்று கேட்டேன். “இருக்கட்டும், அடுத்த சாரலுக்கு வரும்போது வாங்கிக்கிடுதேன்” என்றார் அப்பா. மகனும் அதையேதான் சொன்னார். எந்த வாரம் வருவீர்கள் என்று கேட்டதற்கு, “வழக்கமா வார அதே வாரந்தான் அண்ணாச்சி” என்றார்.

பீரோவில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கரை வெளியே தெரியும்படி மடித்து. வைகாசி பிறந்துவிட்டது, மலையில் மேகம் கூடுகிறது. தினமும் ஒரு தடவை பீரோவைத் திறந்து எது யாருடையது என்று சரிபார்த்துக்கொள்கிறேன். முன்கட்டு, பின்கட்டு என்று ஒரு யோசனை ஓட ஆரம்பித்திருக்கிறது. வீட்டுக்காரி பீரோச் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.