இடது பக்கத்துப் பெண்

முதல் ஷூட்டுக்குப் போன அன்று, வீட்டிலிருந்து நான் போட்டுக்கொண்டு போன பவுடரை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து எடுத்தார்கள். மாடலிங் தொழிலில் எனக்கு நடந்த முதல் மேக்கப் அதுதான்.

இப்போது தேனியில் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறேன். விசிட்டிங் கார்டில் கோஆர்டினேட்டர் என்று போட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு பெண்ணாவது போன் நிறைய செல்ஃபியோடு வந்து, "அக்கா, மாடலிங்ல எப்புடிக்கா நொழையிறது?" என்று கேட்கிறாள். நான் நுழைந்த வழியைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

1. பவுடர் துடைத்த நாள்

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஊர் சுருளிப்பட்டி. அம்மா திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவாள். நான் காலேஜ் முடித்துவிட்டு கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். போட்டோகிராஃபர் பாண்டி அண்ணன் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்துவிட்டு நம்பர் வாங்கிப் போனார். மறுவாரம் போன் வந்தது.

"தேனியில ஒரு ஸ்கின் கிளினிக்கு வெளம்பரம்த்தா. ஒன் போட்டோவக் காட்டுனேன். இந்த மொகந்தான் வேணும்னு மேடம் சொல்லிட்டாக."

என் முகம்தான் வேண்டுமாம்! அன்று கடையில் எத்தனை பேப்பரை வீணாக்கினேன் என்று எனக்கே தெரியாது.

"ரெண்டு நாளு நல்லா வெயில்ல நின்னுட்டு வா. க்ரீமு கீமு எதையும் தடவிப்புடாத" என்றும் சொன்னார். ஏதோ நேச்சுரல் லுக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மாவோடு தோட்டத்துக்குப் போனேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிழல் என்பதால், தலையில் துண்டுகூடப் போடாமல் வரப்பில் போய் நின்றேன்.

"ஏ கிறுக்கச்சி, எதுக்குடி வெயிலு காயுற?" என்று அம்மா கத்தினாள்.

"மாடலிங்மா!"

"என்ன எழவோ போ!"

ஷூட்டில் பவுடரைத் துடைத்தார்கள். தலையைக் கலைத்தார்கள். உச்சிக்கு நேராக ஒரே ஒரு லைட். வெளிச்சத்தை மெதுவாக்க அதன் முன்னால் மாட்டும் சாஃப்ட் பாக்ஸை எனக்குக் கழற்றிவிட்டார்கள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தது. "லென்ஸப் பாக்காத, தரையப் பாரு. பல்லு தெரியக் கூடாது. வீட்டுல ஆரோ செத்துட்டாகன்னு நெனச்சுக்க" என்றார் பாண்டி அண்ணன். நினைத்துக்கொண்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்து அறையில் கட்டப்பனையிலிருந்து வந்த வெள்ளை வெளேரென்ற ஒரு பெண்ணுக்கு இரண்டு மணி நேரமாக மேக்கப் நடந்துகொண்டிருந்தது. அவள் வேறு ஏதோ விளம்பரத்துக்கு வந்தவள் என்று நினைத்தேன்.

ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், கடைக்கு லீவு சொல்லிவிட்டு, இருப்பதில் நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினேன். இடது பக்கம் நான். வலது பக்கம் அந்தக் கட்டப்பனைப் பெண். என் தலைக்கு மேலே பிஃபோர், அவள் தலைக்கு மேலே ஆஃப்டர். நடுரோட்டில் நின்று பாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"என்னண்ணே இது?"

"ஒனக்குத் தெரியாதா? நீ பிஃபோரு, அவ ஆஃப்டரு. ரெண்டும் ஒரே ஆளுன்னு சனம் நம்பிரும்."

"ரெண்டு பேரு மூக்கும் வேற வேறண்ணே!"

"மூக்க ஆருத்தா பாக்குறா? கலரத்தான பாப்பாக."

2. முட்டிவலி அக்கா

அன்றைக்கே விட்டுத் தொலைத்திருக்கலாம். விடவில்லை. "இன்னும் ரெண்டு மூணு பண்ணு. ஒன்னய ஆஃப்டர்ல போடச் சொல்லி நானே மேடத்துக்கிட்டப் பேசுறேன்" என்றார் அண்ணன். அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஓட்டினேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு படம். அதில் நான் வலது பக்கம் இருக்க வேண்டும். ரோட்டில் போகிறவர்கள் என்னைப் பார்த்து, இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டும்.

முடிகொட்டுகிற பெண், தொப்பை வைத்த பெண், பல் கூச்சத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற பெண், எல்லாம் நானே. தற்பெருமை இல்லை, தேனி மாவட்டத்தில் என்னை மாதிரி மூஞ்சியைத் தொங்கப்போட ஆள் கிடையாது. ஒரே டேக்கில் முடித்துக் கொடுப்பேன். ஒருநாள் உத்தமபாளையம் போகிற பஸ்ஸில் கண்டக்டர், "எக்கா, நீங்க அந்த முட்டிவலி அக்காதான? இங்கன ஒக்காருங்க" என்று எழுந்து சீட்டுக் கொடுத்தார். மறுக்காமல் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய!

சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. கடமலைக்குண்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்துவிட்டு, மாப்பிள்ளையின் அத்தை அம்மாவிடம் காதோடு கேட்டாள்: "போர்டுல பாத்தோம். புள்ளைக்கு அந்தத் தோல் சீக்கு இப்பக் கொணமாயிருச்சா?"

அது நடிப்பு என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சீக்கு இல்லாதவளை எதற்குச் சீக்காளி என்று போர்டில் போடுவார்கள் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அவர்கள் போன பிறகு அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். "எங்கன போனாலும் எம் மக அழுமூஞ்சியாவே நிக்கிறாளே. ஒரே ஒரு போட்டாவுல சிரிச்சுக்கிட்டு நிக்க மாட்டியாடி?" என்றாள். நானும்தான் அழுதேன்.

3. வலது பக்கம்

கிளினிக்கின் புதுக் கிளையைக் கம்பத்தில் திறக்கும்போது மேடமே கூப்பிட்டார்கள். "இத்தனை வருஷமா நீதான் எங்க பிஃபோர். இந்தத் தடவை ஆஃப்டரும் நீயே இரும்மா. ஒரே ஆள்னா ஜனங்க இன்னும் நம்புவாங்க."

மேக்கப் போட்டார்கள். பட்டுச்சேலை கட்டினார்கள். சாஃப்ட் பாக்ஸ் இரண்டு பக்கமும், கீழே ரிஃப்ளெக்டர். "லென்ஸப் பாரு. சிரி!" என்றார் பாண்டி அண்ணன். சிரித்தேன். பன்னிரண்டு வருஷத்துச் சிரிப்பு. கேமரா டிஸ்ப்ளேயில் காட்டினார். என் நிறம், என் கன்னத்து மச்சம், என் தெற்றுப்பல். பளிச்சென்று, அவ்வளவு அழகாக இருந்தேன். இதை எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். அந்தப் படத்தை ஒரு காப்பி கேட்டேன். "ரீடச் முடியட்டும்த்தா" என்றார்.

ஃபிளெக்ஸ் வைத்த அன்று, என்ன ஏது என்று சொல்லாமல் அம்மாவைக் கம்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னாலேயே அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

"இந்தா, இங்கன நிக்கிறது நீ. மொதமொத எடுத்தது. வயித்தெரிச்சல், இன்னமும் இதையவே போடுறாகளே!" என்றாள். விரல் வலது பக்கம் நகர்ந்தது. "அங்கன நிக்கிற புள்ள ஆருத்தா?"

நான் பார்த்தேன். சேலை மட்டும் என்னுடையது. மச்சம் இல்லை. கம்ப்யூட்டரில் தெற்றுப்பல்லை நேராக்கியிருந்தார்கள். தாடையைச் செதுக்கியிருந்தார்கள். நிறம் பாலாடை மாதிரி இருந்தது.

"நல்ல லெச்சணமா இருக்கா. மலையாளத்துப் புள்ளையா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா" என்றேன்.

அதோடு கேமராவுக்கு முன்னால் நிற்பதை விட்டுவிட்டேன். என்னிடம் வருகிற பெண்களுக்கு இரண்டே விஷயம் சொல்கிறேன். மேக்கப் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பிரிண்டுக்குப் போகிற கடைசி ஃபைலைக் காட்டுவோம் என்று எழுதி வாங்குங்கள். முக்கால்வாசிப் பேர் எழுதித் தர மாட்டார்கள். அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

அது நான்தான் என்று அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று இந்தப் பெண்கள் கேட்கிறார்கள். சொல்லியிருந்தால் அந்த முகத்துக்காக அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நின்றிருக்க முடியாது.