அண்ணன் இருந்த விரதம்

நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றபின், மலேசியாவில் தைப்பிங்குக்கு அப்பால் ஆற்றுமுகத்தில் மீன்பிடித்துப் பிழைத்தோம். தைப்பூசம் நெருங்கிய சமயம், தன் வலையிலிருந்த மீனை அண்ணன் திருடிவிட்டதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். மீன் எங்கள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

அம்மா அடுப்படிக் கதவைச் சாத்தினாள். "எம்புள்ள வெரதம் இருக்கான் தம்பி. மீன தொடவே மாட்டான்."

அவர் தகராறு செய்யவில்லை. "அப்ப காவடி எடுக்கிறான்லா, அக்கா?"

"ஆமா."

குழம்பை நானும் அம்மாவும் தின்று தீர்த்தோம். அண்ணனுக்கு அன்றிலிருந்து ரசம்தான்.

தைப்பூசத்தன்று காவடிக்காக அண்ணன் முதுகில் கொக்கி மாட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர் அருகிலேயே நின்றார். "இன்னும் எடம் இருக்குலா" என்றார்.

அண்ணன் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தான். மகனைத் திருடன் என்று சொல்ல வாய் வராத அம்மா, "குத்துங்க" என்றாள்.