பேர் எழுதாத தட்டு

மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் நடந்த செவ்வாய்க்கிழமை லெனி ஊரை விட்டுப் போனாள். பேருந்து மதுக்கடை வாசலில் வந்து நின்றது. "குதிரை கோட்டைத் தாண்டட்டும், அப்புறம் நாம தாண்டலாம்" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் பந்தயம் கேட்க உள்ளே போனார். பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத தாயும் மகளும் பெஞ்சில் காத்திருக்க வேண்டியதாயிற்று. நடுவில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு தட்டு.

"இந்தக் கல்லை ஹோபார்ட் வரைக்கும் மடியில வெச்சுக்கிட்டுப் போகணுமா அம்மா?"

"கல்லு இல்ல. தட்டு."

"பள்ளிக்கூடத்துல எனக்கு மண்ணுக்காரி மகள்னுதான் பேரு. போற இடத்துலயாவது வெறும் லெனியா இருந்துட்டுப் போறேனே."

உள்ளே கூச்சல் எழுந்து அடங்கியது. ஓட்டுநர் தோற்ற முகத்தோடு வந்து வண்டியைக் கிளப்பினார். புழுதி அடங்கியபின் தாய் வெர்னா திரும்பிப் பார்த்தாள். தட்டு பெஞ்சிலேயே இருந்தது.

உடையாமல் அவள் சுட்டெடுத்த முதல் தட்டு அது. அதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெர்னா ஊர் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். புருஷன் இன்னொருத்தியோடு போன வருஷம் மழை பொய்த்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த குட்டை வறண்டது. அடியில் களிமண் வெண்ணெய் மாதிரிக் கிடந்தது. கையில் எடுத்தாள், விட மனம் வரவில்லை. சொல்லித்தர ஆள் இல்லை. தெரிந்த ஒரே விதத்தில் பிசைந்தாள்: மடித்து, அமுக்கி, உப்ப வைத்து, ஈரத்துணி போட்டு மூடி. ரொட்டிக்கு வேண்டிய காற்றெல்லாம் மண்ணுக்குள் போய்ச் சேர்ந்தது. பழைய புகைபோக்கிச் செங்கல்லில் தானே கட்டிய சூளையில் அடுக்கித் தீ மூட்டியதும் ஒவ்வொன்றாக வெடித்தது.

பக்கத்துப் பண்ணை கிளெனிஸ் வேலியோரம் ஓடி வந்தாள். "யாரைடி சுட்டே? புருஷன் திரும்பி வந்துட்டானா?"

"தட்டைச் சுட்டேன்."

"தட்டு திருப்பிச் சுடுதே."

காற்று புகாமல் பிசைய, ரொட்டிக்காரக் கை கற்றதையெல்லாம் மறக்க வேண்டியிருந்தது. அதற்கே இரண்டு கோடை ஆயிற்று. பிறகு அடுப்புச் சாம்பலை மாவுச் சல்லடையில் சலித்து, களிமண் கரைசலில் கலந்து பூசிப் பார்த்தாள். யூகலிப்டஸ் இலையின் அடிப்பக்கத்துச் சாம்பல் பச்சை வந்தது.

பெஞ்சில் விட்டுப்போன தட்டை அலமாரியில் வைத்து அழ வெர்னாவுக்கு நேரமில்லை. அந்தச் சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் விருந்து. ஆளுக்கொரு தட்டு கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். தட்டு என்றால் தட்டு நிறையத் தின்பண்டம். தேங்காய்த்தூள் புரட்டிய கேக்கை அதில் அடுக்கிக்கொண்டு போனாள்.

"கேக் நமக்கு, தட்டு நாய்க்கா?" என்றாள் கிளெனிஸ். ஆனால் முதல் துண்டை அவள்தான் எடுத்தாள்.

கழுவும்போது தட்டுகள் கலந்துபோகாமலிருக்க, அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதுவது ஊர் வழக்கம். வெர்னாவின் தட்டடியில் அது ஒட்டவில்லை, சொரசொரப்பு. வெந்நீரில் உரிந்து மிதந்தது. கிளெனிஸ் தட்டைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்குப் பேரு எதுக்கு? இவ்வளவு கனமா இந்த ஜில்லாவுல வேற எவ செய்வா?"

அன்றிலிருந்து வெர்னா எதிலும் பெயர் போடவில்லை. கை பழகப் பழகத் தட்டுகள் மெலிந்தன. கல்யாணத்துக்கு ஒன்று, பிள்ளை பிறந்தால் ஒன்று என்று ஊரே கேட்டு வாங்கியது. நகரத்துக் கலைக்கூடத்திலிருந்து ஒருவர் வந்து, அந்த முதல் கனத்த தட்டையே கேட்டார்.

"அதை மட்டும் தர முடியாதுங்க. அதுக்கு ஆளு இருக்கு."

"யாரு?"

"இன்னும் கேக்கல."

லெனி கிறிஸ்துமஸுக்குப் போனில் கூப்பிடுவாள். அங்கே குளிர், இங்கே வெயில், குட்டையில் தண்ணீர் எவ்வளவு. அதற்குமேல் பேச்சு நகராது. தட்டைப் பற்றி மகள் கேட்கவில்லை, தாய் சொல்லவில்லை. விருந்துக்கு விருந்து அது மண்டபத்துக்குப் போய் வந்தது. ஓரத்தில் ஒரு சில்லு போயிற்று.

கிளெனிஸுக்கு இடுப்பு அறுவை நடந்த வருஷம், ஒரு மத்தியானம், வெர்னா மண் பிசைந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. கை முழுக்கச் சேறு. முழங்கையால் தட்டித் திறந்தாள்.

"அம்மா, பையன் பள்ளிக்கூடத்துல விருந்து. ஆளுக்கொரு தட்டு கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. கேக் நான் சுட்டுக்குவேன். பெஞ்சுல வெச்சுட்டு வந்தேனே, அந்தக் கல்லு இன்னும் இருக்கா? இருந்தா அனுப்பு. அடியில எப்படியாவது உன் பேரை எழுதிடு. இங்க பாத்ததும் உன்னோடதுன்னு சொல்ல என்னைத் தவிர யாரும் இல்ல."