ஹோஸுக்குப் போட்ட சட்டை

ஊரில் அவளுக்கு டிராக்டரம்மா என்றே பேர். பிள்ளைகுட்டி கிடையாது. புருஷன் போய் ஆறு மாசம். அவர் விட்டுப்போன டிராக்டரைத் தேடித்தான் உழவுக்கு நாலு பேர் வாசலுக்கு வருகிறார்கள். அதுவும் இல்லையென்றால் அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்க வழியேயில்லை.

அந்த டிராக்டருக்கு இன்று கண்டம். அறுத்த தானியம் மில்லுக்குப் போகணும். காலையில் கொழுந்தன் வந்தான்.

"அண்ணி, நாலு மணிக்கு வர்றேன். அதுக்குள்ள நீங்களே டிரெய்லரை மாட்டிட்டீங்கன்னா நான் வாயைத் திறக்கல. இல்லேன்னா சாவியைக் குடுத்துடுங்க."

கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அண்ணி ஒண்டியாக இரும்போடு மல்லுக்கட்டுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. அந்த அக்கறைதான் அவளுக்கு ஆகவில்லை.

டிரெய்லரைக் கொக்கியில் மாட்டியது ஒரே மூச்சில் முடிந்தது. டிரெய்லர் தொட்டியைத் தூக்கிக் கொட்ட எண்ணெய் போகும் ஹோஸ் ஒன்று உண்டு. அதன் முனையை டிராக்டருக்குப் பின்னால் உள்ள துளையில் வைத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அவர் அதை ஒற்றைக் கையால் செய்வார். இவளோ என்ஜினை நிறுத்தினாள், லிவரை முன்னும் பின்னும் ஆட்டினாள், முனையைத் துடைத்தாள், வயிற்றை முட்டுக்கொடுத்தும் அழுத்திப் பார்த்தாள். ம்ஹூம், மசியவில்லை. மணி இரண்டாகிவிட்டது.

"நீயுமா?" என்று திட்டிக்கொண்டே ஹோஸை இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கை சுட்டது. மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலை முடிந்ததும் ஹோஸைச் சுருட்டி, தன் பழைய நீலச் சட்டையை அதன்மேல் போர்த்திவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் வருவார். எனக்கொரு குடை வாங்கித் தரத் துப்பில்லை, ரப்பர் குழாய்க்குச் சட்டையா என்று எத்தனை நாள் வம்புக்கு இழுத்திருக்கிறாள். வெயில் பட்டால் உள்ளே எண்ணெய் உப்பிக்கும்டி, அப்புறம் முனை ஏறாது என்பார். காதில் வாங்கியிருந்தால்தானே.

அவர் போன மறுநாள் அந்தச் சட்டையை உருவியதே அவள்தான். அவர் வாசனை மிச்சமிருந்த ஒரே துணி. துவைக்காமல் பீரோவில் வைத்து, தனிமை தாங்காதபோதெல்லாம் எடுத்து முகத்தில் பொத்திக்கொள்வாள். ஹோஸ் பாட்டுக்கு வெயிலில் வெந்துகொண்டு கிடந்திருக்கிறது.

ஈரச் சாக்கை ஹோஸில் சுற்றி, மேலே நாலு வாளித் தண்ணீர் ஊற்றினாள். முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அழுத்தினாள். டக்.

கொழுந்தன் வந்தபோது தொட்டி மேலே போய்க் கீழே இறங்கியது. பார்த்தான். சொன்ன சொல் தவறாமல், வாயைத் திறக்காமலே திரும்பிப் போய்விட்டான். எப்படி மாட்டினீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாவி.

லோடை இறக்கிவிட்டு வந்து ஹோஸைக் கழற்றிச் சுருட்டினாள். பீரோவைத் திறந்து சட்டையைக் கடைசியாக முகர்ந்தாள். இத்தனை நாள் அவர் வாசனை என்று நினைத்ததில் பாதி, அவள் கையில் இப்போது ஒட்டியிருந்த இந்த எண்ணெய்தான். வெளியே வந்து ஹோஸின் மேல் போர்த்தி, பொத்தான்களையும் போட்டுவிட்டாள்.

"முனை ஏறிடுச்சுங்க," என்றாள்.