இந்த லீவுக்கு எலும்பு மட்டும்

“எலும்பு வலிக்காரங்க மட்டும் நில்லுங்க. வயித்து வலிக்காரங்க எல்லாம் அடுத்த லீவுக்கு வாங்க. புள்ளைக்குப் பாடம் இன்னும் வயித்துக்குப் போகல.”

இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு காத்தாயி தன் வீட்டு வாசலில் வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பாதி ஊர் அங்கே நின்றது. மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷப் படிப்புக்கு நடுவே விடுமுறைக்கு வந்திருந்த மகள் அம்சவள்ளி, வெளியே தலைகாட்டக் கூசி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். எறையூர் சர்க்கரை மில்லில் கரும்புப் பிரிவில் இருந்த நான், மறுநாள் எந்த வயலில் வெட்டு என்று சொல்லப் போனவன், சைக்கிளில் இருந்து இறங்கக்கூட மறந்து வேடிக்கை பார்த்தேன். பூமாலை என்ற கிழவர், “எனக்கு வயித்து எலும்புலதான் நோவு” என்று சொல்லி நடுவில் நுழையப் பார்த்தார். “வயித்துல ஏது மாமா எலும்பு? மீன் முள்ள முழுங்கினீங்களா? போயிட்டு அடுத்த லீவுக்கு வாங்க” என்று காத்தாயி அவர் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டார்.

கரும்பு வெட்டும் ஆட்களுக்குக் காத்தாயிதான் மேஸ்திரி. ஆணும் பெண்ணுமாக ஒரு பெரிய கூட்டத்தை மேய்க்கிற குரல் அது. அடியோடு வெட்டாமல் கட்டையை விட்டுவிட்டுப் போகிறவனைத் திரும்பக் குனியவைத்து வெட்டச் சொல்வார். நாளெல்லாம் கரும்பில் கிடப்பவர், டீயில் மட்டும் சர்க்கரை போட விடமாட்டார். “டீயாவது டீயா இருக்கட்டும்” என்பார். மில் வாசலில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் கரும்பு வண்டிகளுக்கு நடுவே யாராவது புகுந்தால், மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் திருப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

மகளை டாக்டராக்கியே தீருவது என்று அவர் கிளம்பியதற்குத் தங்கை ராசாத்திதான் காரணம். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஒரு கட்டடம் உண்டு. வந்த டாக்டர்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அனுப்புவதற்கே ஆள் இல்லை. தலைப்பிரசவத்தில் வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை வராத ராசாத்தியை மாட்டுவண்டியில் ஏற்றிப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே போய்விட்டாள், குழந்தையும் பிழைக்கவில்லை. “அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் சார் வண்டி போச்சு. பூட்டு தொங்குச்சு” என்று சொல்லும்போது அந்தப் பெரிய குரல் கம்மிப்போகும்.

அம்சவள்ளிக்கு முதலில் இடம் கிடைக்கவில்லை. நாட்டில் டாக்டர்கள் போதவில்லை என்று அந்த வருஷம் கல்லூரியில் இடங்களைக் கூட்டினார்கள், அதன் பிறகுதான் கூப்பிட்டார்கள். கூட்டிக் கொடுத்த சீட்டுதானே என்று ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். காத்தாயியிடம் அது நடக்குமா?

“மில்லுல அரவை பத்தலன்னா வண்டி எல்லாம் வெயில்ல நிக்கிது, கரும்பு காஞ்சு சக்கையாப் போவுது. இன்னொரு மிசினு போட்டாத்தான் வண்டி நவுரும். டாக்டரு இல்ல, டாக்டரு இல்லன்னா வானத்துலேருந்தா குதிப்பாங்க? சீட்டக் கூட்டு, படிக்க வை, தன்னால வருவாங்க.” இதை அவர் சொல்லாத டீக்கடை எறையூர்ப் பக்கத்தில் இல்லை.

வாசலில் கூடிய அந்த வரிசையைப் பார்த்து, “நான் வைத்தியம் பாக்கக் கூடாதும்மா. இன்னும் பாஸே பண்ணல” என்று அம்சவள்ளி அழாத குறையாகச் சொன்னாள்.

“வைத்தியம் யாரு பாக்கச் சொன்னா? கேட்டுக்க. எங்க நோவுதுன்னு கேக்கவே ஆளு இல்லாமத்தானே கெடக்கோம்.”

அவள் கேட்டுக்கொண்டாள். மருந்து எதுவும் தரவில்லை. நிலைமை மோசமாக இருந்தவர்களைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். ஒவ்வொரு லீவுக்கும் வரிசை நீண்டது. எலும்பு முடிந்து வயிறு வந்தது, அப்புறம் நெஞ்சு, கண். அவள் பாடத்துக்குத் தக்கபடி ஊரே தன் நோவுகளை ஒத்திப்போட்டது. வயிறு வரும்வரை பூமாலை தன் முறைக்காகப் பொறுத்திருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

எண்பத்து நான்கில் படிப்பு முடிந்தது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டது. “எம்மவ வந்து அந்தப் பூட்டத் தொறப்பா” என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த காத்தாயி, அந்த நாட்களில் வாயே திறக்கவில்லை. மகளிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “போன்னும் சொல்ல மனசு வரல, வான்னும் சொல்ல வாய் வரல சார். அவ கால நான் கட்டக் கூடாது” என்றார் என்னிடம். மில் வாசலில் அவர் கண்ணெதிரே ஒருவன் வண்டியை நடுவில் நுழைத்தான். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

அம்சவள்ளி யாரிடமும் சொல்லாமல் அரசாங்க வேலையில் சேர்ந்து, யாரும் கேட்காத அந்தச் சுகாதார நிலையத்தையே கேட்டு வாங்கிவிட்டாள். சென்னையில் உத்தரவை வாங்கிக்கொண்டு, ரயிலில் அரியலூர் வந்து, பஸ் பிடித்து, நேரே கரும்பு வயலுக்கு வந்து நின்றாள்.

“பூட்டோட சாவி யாருகிட்டம்மா இருக்கு?”

காத்தாயி கத்தியைக் கீழே போட்டார். மகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெரித்தார். அதற்குள் வரப்பு முழுக்க ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். அன்று வெட்டு நின்றுபோனது. அதை மில்லுக்குச் சொல்லவேண்டிய நான், ஊர்க்கூட்டத்தோடு கூட்டமாகச் சுகாதார நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் வீட்டு விசேஷங்களில்கூட அனுபவித்ததில்லை.

மறுநாள் காலை சுகாதார நிலையத்து வராந்தா நிரம்பி வழிந்தது. காத்தாயியும் முழங்கால் வலி என்று வந்து, தன் முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்போது வைத்திலிங்கம் இருமிக்கொண்டே வந்தார். அந்த வட்டாரத்தில் பெரிய நிலக்காரர். காத்தாயியின் குடும்பம் தலைமுறையாகக் கூலி வேலை செய்தது அவர்கள் வயலில்தான். அவர் எதிரே காத்தாயி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மனிதர் வழக்கம்போல யாரையும் பார்க்காமல் நேரே டாக்டர் அறைக்குள் காலை வைத்தார்.

“வெளில ஒக்காருங்கய்யா. உங்க முறை வரும்போது கூப்புடுறேன்” என்று உள்ளிருந்து அம்சவள்ளியின் குரல் கேட்டது. மரியாதையாகத்தான் சொன்னாள். வைத்திலிங்கம் திரும்பி வந்து, உட்கார இடம் தேடினார்.

அவரைக் கண்ட பழக்கத்தில் காத்தாயி எழுந்து நின்றுவிட்டார். நின்றவர், அறைக்குள் மகளை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு நிதானமாக மறுபடி உட்கார்ந்து, சற்று நகர்ந்து, பக்கத்தில் ஒழிந்த இடத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டினார்.