இடது தோளுக்கும் சோறு

ஜிம் மாஸ்டர் தொழிலில் பாதி நேரம் எடை தூக்கச் சொல்லிக் கொடுப்பதில் போகிறது. மீதி நேரம், தூக்கியவர் வீட்டுக்குப் போய் என்ன தின்றார் என்று துப்புத் துலக்குவதில் போகிறது. அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு உரக்கடையின் மாடியில் பதினான்கு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துவிட்டு, யாராவது வந்தால் சும்மா நிற்பது போல் நடிக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். நீங்களும் ஒருமுறையாவது அப்படி நின்றிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

கண்ணாடியில் தெரிகிற பக்கம்

புதிதாக ஜிம்மில் சேருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போவார்கள். பெஞ்ச்சில் படுத்து நெஞ்சுக்குத் தூக்குவார்கள், எழுந்து உட்கார்ந்து கைக்குத் தூக்குவார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். முதுகும் தொடையும் அவர்களைப் பொறுத்தவரை பக்கத்து வீட்டுக்காரருடையவை. செல்போன் கடை வைத்திருக்கும் சிவக்குமார் இதில் மன்னன். ஆறு மாதத்தில் நெஞ்சு மட்டும் புடைத்து, தோள் இரண்டும் முன்னால் வளைந்து, எதையோ தரையில் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவரைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. இருபது வயதில் நானும் அதே பெஞ்ச்சில்தான் குடியிருந்தேன். முன்பக்கத்தை மட்டும் வளர்த்ததற்குப் பலனாக என் வலது தோள் கெட்டு, அந்தக் கை காதுக்கு மேல் எழும்பாது. இன்றைக்கும் தலையை இடது கையால்தான் சீவிக்கொள்கிறேன். அந்தத் தோளைக் காட்டியே சிவக்குமாருக்குப் பாடம் எடுத்தேன். நெஞ்சுக்கு ஒரு முறை தூக்கினால் முதுகுக்கு இரண்டு முறை இழுக்க வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அதெல்லாம் சரிங்க மாஸ்டர். முதுகை யாருங்க பாக்கப் போறாங்க?”

ஏழு கரண்டி

அதே சிவக்குமார் ஒருநாள் பெரிய டப்பா ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். புரோட்டீன் பவுடர், வெனிலா வாசனை. வாங்கியாகிவிட்டது, இனி வேண்டாமென்று சொல்லிப் பயனில்லை. தினம் ஒரு கரண்டி தண்ணீரில் கலந்து குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பத்தே நாளில் டப்பா காலி. பயந்துபோய் விசாரித்தால், அவர் குடித்தது இரண்டே தடவைதானாம்.

மறுநாள் அவர் கடைக்குப் போனபோது அவருடைய அம்மா இருந்தார். தினமும் கேழ்வரகுக் களி கிண்டுகிற பானையில் அந்தப் பவுடரைக் கொட்டிக் கிண்டியிருக்கிறார். வெனிலா வாசனையில் களியையும், அதற்குக் கீரைக் குழம்பையும் குடும்பமே பத்து நாள் ஒரு குறையும் சொல்லாமல் தின்றிருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் சத்து ஒருவருக்கு மட்டும் தனியாகப் போகாது என்பதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும். சிரிப்பதிலேயே இருந்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு நான் எதற்குச் சிரிக்கிறேன் என்றே புரியவில்லை:

“டப்பாவுல ஒரு ஆளுக்கு ஒரு கரண்டின்னு எழுதியிருக்குதுன்னு பேத்தி படிச்சுச் சொன்னாளுங்க. வூட்ல ஏழு பேரு இருக்கறோம், ஏழு கரண்டி போட்டேன்.”

மூட்டை இல்லாத தோள்

மாதையன் வந்தது மஞ்சள் வரத்துத் தொடங்கியிருந்த சமயம். நாற்பதை நெருங்குகிற வயது. மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். சட்டையைக் கழற்றச் சொன்னேன். வலது தோள் திரண்டு காய்த்துப் போயிருந்தது. இடது தோள் வேறு ஒருவருடையது போல் மெலிந்து கிடந்தது. தோளில் எதுவும் இல்லாதபோதும் மூட்டை இருப்பது போலவே சாய்ந்து நின்றார். இருபது வருஷமாக அந்த ஒரே தோளில் சுமந்திருக்கிறார்.

இடுப்பு வலிக்காக டாக்டரிடம் போயிருக்கிறார். எலும்பில் கோளாறு இல்லை, உடம்பில் ஒரு பக்கம் மட்டும் உழைக்கிறது, மறுபக்கத்தையும் பலப்படுத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வலி அதற்குள் காட்டிக் கொடுத்துவிட்டது. லாரிக்கு ஏறுகிற பலகையின் நடுவில் இரண்டு முறை மூட்டையை இறக்கிவிட்டாராம். மூன்றாவது முறை நடந்தால் மேஸ்திரி அவரைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, கீழே சிந்துகிற மஞ்சளைக் கூட்டி அள்ளும் வேலைக்கு அனுப்பிவிடுவார். அதுவும் வேலைதானே, இடுப்புக்கும் நல்லதாயிற்றே என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சட்டையை மெதுவாக மாட்டிக்கொண்டே சொன்னார்:

“வேற வேல பாத்துக்கலாமுங்க மாஸ்டர். நடுப்பலகையில மூட்டைய எறக்குனவன்னு பேரு வந்துட்டா, அது சாவற வரைக்கும் கூடவே வருமுங்க.”

ஆறு முட்டை

முதலில் இரண்டு கையாலும் எடைக் கம்பியான பாரைத் தூக்க வைத்துப் பார்த்தேன். வலது கை முந்திக்கொண்டு எல்லா வேலையையும் தானே செய்தது. இடது கை சும்மா கூடப் போய் வந்தது. பிறகு பாரை ஒதுக்கிவிட்டு, தனித்தனி டம்பெல் கொடுத்தேன். முதலில் இடது கை தூக்க வேண்டும். அது எத்தனை முறை தூக்குகிறதோ அத்தனை முறைதான் வலது கைக்கும். வலது கைக்கு இன்னும் பத்து தடவை தூக்கத் தெம்பு இருக்கும். இருந்தாலும் நிறுத்தியாக வேண்டும். பலமான பக்கம் காத்திருந்தால்தான் மறுபக்கம் வந்து சேரும். மாதையனுக்கு இது கொஞ்சம் அவமானமாக இருந்தது என்றாலும் செய்தார்.

கூடவே ஒரு சாப்பாட்டுத் தாளும் கொடுத்தேன். தினமும் ஆறு முட்டை என்று அதில் அடிக்கோடு போட்டிருந்தேன். எடை தூக்குகிற எல்லோருக்கும் வருஷக்கணக்காகக் கொடுக்கிற தாள்தான்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அந்தத் தாளோடு ஒரு பெண் ஜிம் வாசலில் வந்து நின்றார். மாதையனின் மனைவி காவேரி. கை முழுக்க மஞ்சள் கறை. மஞ்சள் காட்டு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். அவர்கள் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளோடு சேர்த்து நாலு பேர். வீட்டுக் கோழிகள் போடுவது நாளைக்கு ஆறு முட்டை. என் தாள் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து ஆறும் ஒரே தட்டுக்குப் போகிறது. அவர் சண்டைக்கு வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அவரு தூக்கற மூட்டைக்கு ஆறு முட்டைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நானும் விடிஞ்சதுல இருந்து மஞ்சக் கூடை தூக்கறேனுங்க. எனக்கு எத்தனைன்னு இதுல எங்கீங்க எழுதியிருக்குது?”

பலகை

எழுதியிருக்கவில்லை. கூடை தூக்குவதும் எடை தூக்குவதுதான் என்று பதினான்கு வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. தாளைக் கிழித்துவிட்டு, காவேரியை உட்கார வைத்து, அவர்கள் வீட்டில் என்ன விளைகிறது, என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் புதிதாக எழுதினோம். கொள்ளு, தட்டைப்பயறு, வேர்க்கடலை, மோர், களியோடு கீரை, எல்லாம் ஏற்கெனவே அந்த வீட்டில் இருந்தது. முட்டையை நாலு பேருக்கும் பொதுவில் விட்டேன்.

ஒரு தப்பைத் திருத்திய தெம்பில் உடனே அடுத்த தப்பைச் செய்தேன். இடது கைக்குக் கொஞ்சம் பலம் வந்ததும், இனி ஒரு மூட்டை வலது தோளில், ஒரு மூட்டை இடது தோளில் என்று மாற்றிச் சுமக்கும்படி மாதையனிடம் சொன்னேன். என்னை நம்பிச் செய்தார். முதல் நாளே, பலகையில் எதிரே இறங்கி வந்த பச்சையப்பன் என்பவரை இடது தோளிலிருந்த மூட்டை இடித்துவிட்டது. அவர் கீழே மூட்டைகளின் மேல் விழுந்து மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. மாதையன் அப்போதும் மூட்டையை விடவில்லை. மேலே கொண்டுபோய் அடுக்கிவிட்டு இறங்கி வந்து, யாரும் சொல்வதற்கு முன் தானாகவே ஓரமாகப் போய் நின்றிருக்கிறார். அன்றைக்கே அவர் கைக்குத் துடைப்பம் வந்துவிட்டது.

விஷயம் தெரிந்ததும் மண்டிக்கு ஓடினேன். மேஸ்திரி கத்தவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பலகையைக் காட்டினார். ஏறுகிறவர் எல்லோரும் வலது ஓரமாக, வலது தோளில் மூட்டையோடு ஏறுகிறார்கள். மூட்டை பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்களுக்கு இடப்பக்கமாக இறங்குகிறார்கள். மூட்டையை ஒருவர் தோள் மாற்றினால் இறங்குகிறவருக்கு வழி இல்லை. லாரி நிறைகிற வரை இது நிற்காமல் சுற்றுகிறது. இதையெல்லாம் பார்க்காமல் மாடியில் உட்கார்ந்து யோசனை சொன்ன என்னை நினைத்து வெட்கமாக இருந்தது. மேஸ்திரி சொன்னார்:

“நீங்க மாதையன் ஒடம்ப மட்டும் பாத்தீங்க மாஸ்டர். பலகையில நாங்க பதினோரு பேரும் சேர்ந்துதானுங்க ஒரு ஒடம்பு.”

என் முறை

மன்னிப்புக் கேட்டேன். மணிக்கட்டில் துணி சுற்றிய பச்சையப்பன் என் கைகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாஸ்டர் ஒரு மூட்டை போட்டுக் காட்டட்டும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாதையன் மட்டும் துடைப்பத்தோடு தலை குனிந்து நின்றார். அவருக்காகவாவது தூக்க வேண்டும் என்று பட்டது. ஜிம்மில் நான் தூக்குவதில் பாதிகூட வராது அந்த மூட்டை.

தூக்கிவிட்ட பிறகுதான் தெரிந்தது. பாருக்குப் பிடி உண்டு. மூட்டைக்குப் பிடி கிடையாது. உள்ளே இருக்கும் மஞ்சள் நாம் போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சரிகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், என் வலது தோள் அதைத் தாங்காது. வேறு வழியில்லாமல் இடது தோளில் வாங்கிக்கொண்டு பலகையின் இடது ஓரமாக ஏறினேன். பாதி ஏறியபோது பலகை ஆடியது. மாதையனைச் செய்யச் சொன்ன அதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எதிரே இரண்டு பேர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நடுப்பலகையில் இறக்கினால் என்ன பேர் வரும் என்று எனக்குத் தெரியும்.

இறங்கி வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பலகையின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் மாறினார்கள். மூட்டை லாரிக்குப் போய்ச் சேர்ந்தது. கீழே இறங்கி மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பச்சையப்பன் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஸ்திரியிடம் திரும்பிச் சொன்னார்:

“எங்கிருந்தோ வந்த மாஸ்டருக்கு எல்லாரும் பக்கம் மாறி எறங்கறோம். இருவது வருசமா கூட நடக்கற மாதையனுக்கு மாற மாட்டமாங்க?”

ஒரே அளவு

மேஸ்திரி உடனே தலையாட்டவில்லை. டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கழுவி வைத்தார். பிறகு, காலையில் வலது தோள், பத்து மணி டீக்கு அப்புறம் அத்தனை பேரும் இடது தோள், மாதையன் நாளைக்கே பலகைக்கு வரட்டும் என்றார். முதல் வாரம் முனகலாகத்தான் போயிற்று. மாதையனுடைய இடது தோளைக் கிண்டல் செய்தவர்களுக்கெல்லாம் அவரவர் இடது தோளும் அதே லட்சணத்தில் இருப்பது தெரிந்தது. டீக்கு அப்புறம் சின்ன மூட்டையாகப் பார்த்து எடுத்தார்கள். இப்போது அவர்களில் நாலு பேர் என்னிடம் வருகிறார்கள். சாப்பாட்டுத் தாள் கேட்டால், முதலில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறேன்.

காவேரியை ஒருநாள் சந்தையில் பார்த்தபோது, ஆறு முட்டையை நாலு பேருக்கு எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். வளர்கிற பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு, பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று, கூடக் கொள்ளு என்றார். நான் அடிக்கோடு போட்டு எழுதிய தாளைவிட இது நல்ல கணக்கு. அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து மாதையனைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். தோள்கள் இரண்டும் இன்னும் ஒன்று போல் ஆகவில்லை, ஆக நாளாகும். ஆனால் மூட்டை இல்லாதபோது மூட்டை இல்லாதவராகவே நேராக நின்றார். பலகையின் நடுவில் பிறகு ஒரு மூட்டையும் இறங்கவில்லை. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். யோசித்து, நியாயமாகப் பதில் சொன்னார்:

“முன்னெல்லாம் ஒரு பக்கந்தானுங்க வலிக்கும். இப்ப ரெண்டு பக்கமும் ஒரே அளவா வலிக்குதுங்க மாஸ்டர்.”

உடம்பின் இரு பக்கத்தையும் சமன் செய்யச் சொல்லிக் கொடுத்த இந்தப் பதினான்கு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று இதுதான் என்பதால், தலையை இன்னமும் இடது கையால்தான் சீவிக்கொண்டாலும், அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.